ட்யூப் போட்டால் அடங்குகிறது, விட்டால் பரவுகிறது: தொடை இடுக்குப் படர்தாமரை பற்றி ஒரு வாசகருக்குத் தோல் மருத்துவரின் பதில்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் டிரையர் பகுதியில் வேலை பார்க்கும் 31 வயது வாசகர் எழுதியிருக்கிறார். அம்மா, மனைவி, நான்கு வயது மகள் ஆகியோரோடு லைன் வீட்டில் இருக்கிறார். பத்து மாதத்துக்கு முன் வலது தொடை இடுக்கில் சின்னதாக ஓர் அரிப்பு தொடங்கியிருக்கிறது. அம்மா சொன்னபடி எலுமிச்சையும் உப்பும் தேய்த்திருக்கிறார், எரிச்சல்தான் மிச்சம். பிறகு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கிப் போட்டதும் இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிட்டது. நிறுத்திய ஒரு வாரத்தில் திரும்ப வந்தது. மறுபடி அதே ட்யூப், மறுபடி நிம்மதி, மறுபடி அரிப்பு. இப்போது இரண்டு தொடை, புட்டம், இடுப்பைச் சுற்றி என்று பரவியிருக்கிறது. தொடை உள்பக்கத்தில் கோடு கோடாகத் தோல் கிழிந்த மாதிரித் தெரிகிறது. இரண்டு மாதமாக மனைவிக்கும் இடுப்பிலும் மார்புக்குக் கீழும் அரிப்பு. மகளின் கன்னத்தில் வட்டமாக ஒரு தடிப்பு.

"நீங்க வெளியே எங்கேயாவது போனீங்களா என்று ஒரு நாள் ராத்திரி கேட்டுவிட்டாள் டாக்டர். அன்றிலிருந்து நான் ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். இது பால்வினை நோயா, குளிர்ப் பிரதேசத்தில் படர்தாமரை வருமா, ரத்தம் கெட்டதால் வந்ததா, ஆண்மையைப் பாதிக்குமா, ஒரே ஊசியில் முடித்துவிட முடியுமா என்று ஐந்து கேள்விகள் கேட்டிருக்கிறார். ட்யூபின் படத்தையும் அனுப்பியிருக்கிறார்.

தம்பி, உங்கள் கடிதத்தில் அரிப்பைவிட அந்த ஹால் பாய்தான் என்னை அதிகம் வருத்தியது. அதனால் உங்கள் மனைவியின் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். முடிந்தால் இந்தப் பகுதியை அவரோடு உட்கார்ந்து படியுங்கள்.

மனைவியின் சந்தேகத்துக்கு

நீங்கள் விவரித்திருக்கும் வடிவம், அதாவது ஓரம் சற்றே உயர்ந்து, செதில் உதிர்ந்து, நடுவில் தெளிந்து, வளையமாக விரிந்துகொண்டே போவது, பெரும்பாலும் படர்தாமரைதான். பூஞ்சைத் தொற்று. இந்தப் பூஞ்சை நம் தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிறது. ஈரமும் வெப்பமும் உராய்வும் சேரும் இடம் அதற்கு வாகானது, தொடை இடுக்கு அப்படிப்பட்ட இடம். அந்தரங்க இடத்தில் வருவதால் மட்டும் ஒரு நோய் பால்வினை நோய் ஆகிவிடாது.

இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது உண்மை. தோல் தோலோடு படுவதால் தொற்றும், தாம்பத்தியத்திலும் தொற்றும். ஆனால் ஒரே துண்டு, ஒரே கம்பளி, ஒரே வாளியில் ஊறிய துணி, இவையெல்லாமும் அதே வேலையைச் செய்யும். ஜிம்முக்குப் போகும் பையனுக்கும் வருகிறது, எங்கும் போகாத பாட்டிக்கும் வருகிறது. உங்கள் மகளின் கன்னத்தில் இருப்பதும் இதுவேதான் என்றால், அது எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பா மடியில் தூங்கியிருப்பாள், அப்பா துடைத்த துண்டில் முகம் துடைத்திருப்பாள். வேறு கதையே தேவையில்லை. உங்கள் மனைவி கேட்டது கோபத்தில் கேட்டதாக எனக்குப் படவில்லை. பத்து மாதமாகக் கணவர் எதையோ மறைத்து மறைத்து ஒரு ட்யூபைப் பூசிக்கொண்டிருந்தால் யாருக்கும் பயம் வரும். அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். இருவரையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நோய் வீட்டை விட்டுப் போகும். ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் ஆறினவருக்கு மற்றவரிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

ஆண்மைக்கும் குழந்தைப் பேற்றுக்கும் இதனால் எந்தக் கேடும் இல்லை. பூஞ்சை தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போவதில்லை. புண்ணாகி எரியும் நாட்களில் தாம்பத்தியத்தைத் தள்ளிப்போடுங்கள். மற்றபடி ஒரே அறையில், தனித்தனிப் போர்வையோடு படுத்தால் போதும். ஹாலுக்குப் போக வேண்டியதில்லை.

அந்த ட்யூபில் என்ன இருக்கிறது

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்க வேண்டிய எழுத்தில் மூன்று மருந்துகள்: குளோபெட்டசால், நியோமைசின், மைக்கனசால். மூன்றாவதுதான் பூஞ்சைக்கான மருந்து. இரண்டாவது பாக்டீரியாவுக்கானது, உங்களுக்கு அதற்கு வேலையில்லை. முதலில் இருப்பது ஸ்டீராய்டு, அதுவும் தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிகவும் வீரியமான வகை. உங்களுக்கு இரண்டே நாளில் அரிப்பு நின்றதற்குக் காரணம் இதுதான்.

எப்படி என்று சொல்கிறேன். அரிப்பும் சிவப்பும் பூஞ்சை நேரடியாக உண்டாக்குபவை என்பதைவிட, பூஞ்சையை எதிர்த்து நம் உடம்பு போடும் சண்டையின் அடையாளம் என்பதுதான் சரி. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. சிவப்பு மறைகிறது, அரிப்பு நிற்கிறது, நீங்களும் குணமாகிவிட்டது என்று நினைக்கிறீர்கள். ஆனால் எதிர்ப்பே இல்லாத தோலில் பூஞ்சை சுகமாகப் பரவுகிறது. கூடவே இருக்கும் மைக்கனசால் அதைச் சமாளிக்கப் போதவில்லை. களிம்பை விட்டதும் உடம்பு மறுபடி சண்டையைத் தொடங்கும்போது, முன்பு உள்ளங்கை அளவு இருந்தது இடுப்பைச் சுற்றிக்கொண்டிருக்கும். பத்து மாதமாக உங்களுக்கு நடந்தது இதுதான். மருந்து வேலை செய்யாமல் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ட்யூப் அதன் வேலையைச் சரியாகவே செய்தது தம்பி, நோயை வளர்க்கும் வேலையை.

இன்னொன்று. அடிக்கடி ஸ்டீராய்டு பூசிய படர்தாமரை தன் முகத்தையே மாற்றிக்கொள்ளும். வளையம் கலைந்து, ஓரம் மங்கி, கரப்பான் (எக்ஸிமா) மாதிரியோ சாதாரணத் தடிப்பு மாதிரியோ தெரியும். அனுபவமுள்ள மருத்துவரே ஒரு கணம் குழம்பக்கூடும். ஆகவே யாரிடம் போனாலும் எந்த ட்யூப், எத்தனை மாதம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலி ட்யூபைத் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள்.

தொடையில் தெரியும் அந்தக் கோடுகள் பூஞ்சையால் வந்தவை அல்ல, ஸ்டீராய்டால் தோல் மெலிந்து விட்டுப்போன தழும்புகள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவை முழுதாக மறையாது. இப்போதைய சிவப்பு நிறம் மெல்ல வெளுத்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாமல் போகும். அவற்றால் ஆபத்து ஏதும் இல்லை. ஆனால் இன்னும் பூசினால் இன்னும் வரும். இதே ட்யூபைக் குழந்தையின் கன்னத்திலும் தடவியதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே நிறுத்த வேண்டும். குழந்தையின் முகத் தோல் மிக மெல்லியது, மருந்தை உள்ளே நிறைய இழுத்துக்கொள்ளும்.

மெடிக்கல் ஷாப்காரர் மேல் கோபப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்டதைக் கொடுத்தார், நீங்களும் சீட்டு இல்லாமல் கேட்டீர்கள். இருந்தாலும் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2018-இல் மத்திய அரசு மேல்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை அட்டவணை எச்-இன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம். இனி எந்தத் தோல் களிம்பு வாங்கினாலும் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன், ஹேலோபெட்டசால், இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் படர்தாமரைக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள். இன்று இந்தியா முழுக்கப் படர்தாமரை இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இந்தக் கலவைக் களிம்புகள் முக்கியக் காரணம் என்று தோல் மருத்துவர்கள் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறோம். இன்னொரு காரணம் பூஞ்சையே மாறிவிட்டது. ட்ரைகோஃபைட்டன் இண்டோட்டீனியே என்று 2020-இல் தனிப் பெயர் பெற்ற ஒரு வகை இன்று இங்கே பரவலாக இருக்கிறது. டெர்பினாஃபின் என்ற நல்ல மருந்துக்குக்கூட அது பல சமயம் கட்டுப்படுவதில்லை.

குளிரில் படர்தாமரையா?

வரும். வெளியே இருக்கும் குளிரைப் பூஞ்சை பார்ப்பதில்லை, உங்கள் உடைக்குள் இருக்கும் நிலையைத்தான் பார்க்கிறது. உங்கள் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் முழுக்க டிரையர் பக்கத்தில் வெக்கையில் நிற்கிறீர்கள். உள்ளாடை நனைந்துவிடுகிறது. வெளியே வந்தால் பனிமூட்டமும் ஊதக்காற்றும். நனைந்த ஜட்டியின் மேலேயே தெர்மல், அதற்கு மேல் ஜீன்ஸ், ஸ்வெட்டர் என்று மாட்டிக்கொண்டு பைக்கில் வீட்டுக்கு வருகிறீர்கள். அந்த ஈரம் ராத்திரி வரை உடம்போடு ஒட்டியே இருக்கிறது. கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காய்கிறதா? கூடலூர், தேவாலா பக்கம் ஆடி மாதத்தில் கேட்கவே வேண்டாம். முக்கால் காய்ந்த உள்ளாடையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதும், இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பதும், கம் பூட்ஸுக்குள் கால் ஊறிக் கிடப்பதும் நம் மலையில் சகஜம். உங்கள் மனைவி கொழுந்து பறிக்கப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அவருக்கு இடுப்பில் வந்ததற்கு அந்தப் பிளாஸ்டிக் தாளுக்குள் தேங்கும் வியர்வையும் ஒரு காரணமாக இருக்கும்.

ஆகவே ஷிப்ட் முடிந்ததும் தொழிற்சாலையிலேயே உள்ளாடையை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். காய்ந்த ஜட்டி ஒன்றும் சின்னத் துண்டு ஒன்றும் பையில் இருக்கட்டும். தளர்வான பருத்தி உள்ளாடை போதும். வீட்டில் வேட்டியோ லுங்கியோ கட்டிக்கொள்ளுங்கள். கால் விரல் இடுக்கையும் ஒரு தடவை பாருங்கள். அங்கே வெள்ளையாக ஊறி, தோல் உரிந்திருந்தால் அதுவும் பூஞ்சையாக இருக்கலாம், அங்கிருந்துதான் தொடைக்கு ஏறியிருக்கலாம். அப்படி இருந்தால் காலுக்கு முதலில் சாக்ஸ் போட்டுவிட்டு, அப்புறம் ஜட்டி போடுங்கள். காலில் இருக்கும் பூஞ்சை துணி வழியாக மேலே ஏறாமல் இருக்க இது உதவும்.

"ரத்தம் கெட்டுப்போச்சு" என்று அம்மா சொன்னதாகவும், கத்தரிக்காய், கருவாடு எல்லாம் நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இது ரத்தத்தில் இருக்கும் நோய் இல்லை. கருவாடு தாராளமாகச் சாப்பிடலாம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ரத்தப் பரிசோதனை வேண்டும்: சர்க்கரை. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எழுதியிருப்பதால் நீங்களும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை கூடுதலாக இருந்தால் பூஞ்சை லேசில் போகாது.

மருத்துவரிடம் போகும்போது

உங்களுக்கு இனிமேல் வெறும் களிம்பு போதாது. இவ்வளவு பரவி, ஸ்டீராய்டும் பட்ட படர்தாமரைக்கு மாத்திரை தேவைப்படும், அதை மருத்துவர் நேரில் பார்த்துத்தான் கொடுக்க முடியும். தனியார் தோல் மருத்துவரிடம் போக வசதியில்லை என்றால் தயங்க வேண்டாம். கோத்தகிரி அரசு மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள், தேவைப்பட்டால் உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். வெட்கத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். தோல் மருத்துவருக்கு இது தினமும் பார்க்கிற இடம்தான். உங்கள் மனைவி பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், ஆண் மருத்துவர் பார்த்தால் பெண் செவிலியர் உடன் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். அது சலுகை இல்லை, அவருடைய உரிமை. மேனேஜருக்கு லீவு சீட்டு வேண்டுமென்றால் நோய் எந்த இடத்தில் என்று எழுத வேண்டாம் என்று மருத்துவரிடம் சொல்லலாம். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை.

அங்கே என்ன செய்வார்கள்? ஓரத்தில் இருக்கும் செதிலை மழுங்கிய பிளேடால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். வலிக்காது. பூஞ்சையின் இழைகள் தெரியும். இது எல்லா இடத்திலும் செய்யப்படுவதில்லை, ஆனால் உங்கள் மாதிரிக் குழப்பமான கேஸில் கேட்டுப் பெறுவது நல்லது. ஏனென்றால் தொடை இடுக்கில் வரும் அரிப்பெல்லாம் படர்தாமரை இல்லை. விதைப்பையிலேயே பளபளவென்று சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் பொரிகளாக இருந்தால் கேண்டிடா என்ற வேறு பூஞ்சையாக இருக்கலாம். படர்தாமரை பொதுவாக விதைப்பையை விட்டுவிடும். ராத்திரியில் மட்டும் தாங்க முடியாத அரிப்பு, விரல் இடுக்கிலும் பொரி, வீட்டில் எல்லோருக்கும் என்றால் சிரங்கு. அதற்கு மருந்தே வேறு.

மாத்திரையில் இன்று அதிகம் தருவது இட்ரகோனசால். சிலருக்கு டெர்பினாஃபின். எது, எத்தனை நாள் என்பதை உங்களைப் பார்ப்பவர் முடிவு செய்யட்டும். ஆனால் சில விஷயங்களை நீங்கள் அவரிடம் சொல்லியாக வேண்டும். ராத்திரி ஷிப்டில் நெஞ்செரிச்சல் வருவதால் தினமும் காலையில் கேஸ் மாத்திரை போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இட்ரகோனசால் கேப்சூல் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைத்துவிடும், கேப்சூல் வீணாகும். அதனால்தான் இந்தக் கேப்சூலை நன்றாகச் சாப்பிட்ட கையோடு போட வேண்டும் என்று சொல்கிறோம். இதய பலவீனம் உள்ளவர்களுக்கு இட்ரகோனசால் ஆகாது. கொழுப்புக்கான சில மாத்திரைகளோடும் ஒத்துவராது. உங்கள் அம்மாவுக்கும் தொற்றியிருந்தால் உங்கள் மாத்திரையில் ஒன்றை எடுத்து அவருக்குக் கொடுத்துவிட வேண்டாம். கல்லீரல் பரிசோதனை தேவையா என்று மருத்துவர் பார்ப்பார். மருந்து முடியும்வரை மதுவை விட்டுவிடுங்கள்.

உங்கள் மனைவி கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தாலோ, அடுத்த குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாலோ அதை முதலிலேயே சொல்ல வேண்டும். அப்போது இந்த மாத்திரைகளைத் தவிர்த்து, க்ளோட்ரிமசால் போன்ற மேல்பூச்சு மட்டும் கொடுப்பார்கள்.

மேல்பூச்சு எதுவானாலும் ஒற்றை மருந்தாக இருக்கட்டும். அரிக்கும் இடத்தில் மட்டும் பூசினால் போதாது. ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் நல்ல தோலிலும் பூச வேண்டும், பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதைவிட முன்னால் போயிருக்கும். முழுதாகத் தெளிந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தொடருங்கள்.

எத்தனை நாளாகும்? உங்கள் நிலையில் ஆறிலிருந்து எட்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இரண்டாவது வாரத்தில்தான். அரிப்பு நின்றுவிடும், "சரி, போய்விட்டது" என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். பாதி செத்த பூஞ்சை மறுபடி தலையெடுக்கும், இந்த முறை இன்னும் முரண்டு பிடிக்கும். நிறுத்துவதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், மருத்துவர் தோலைப் பார்த்துச் சொல்லட்டும். கடைசியில் கறுப்பாக ஒரு கறை மிஞ்சும். தடவிப் பார்த்தால் தட்டையாக, செதில் இல்லாமல், அரிப்பில்லாமல் இருந்தால் அது வெறும் நிறம்தான், தானாக மங்கும். அந்தக் கறையைப் போக்க மறுபடி ஏதாவது ட்யூப் வாங்கிவிடாதீர்கள்.

ஸ்டீராய்டை நிறுத்தியதும் முதல் ஒன்றிரண்டு வாரம் சிவப்பும் எரிச்சலும் கூடுதலாகத் தெரியலாம். புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் அப்போதுதான் பழைய ட்யூபுக்கே திரும்பிப் போகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள். அரிப்புக்குத் தனியாக மாத்திரை தருவார்கள், அதில் சில தூக்கம் வரவழைக்கும். தேயிலையை நசுக்கி நறுக்கும் சிடிசி உருளைகள் சுற்றுகிற இடத்தில் வேலை பார்க்கிறீர்கள், ராத்திரி ஷிப்ட் உண்டு என்பதை மருத்துவரிடம் சொல்லி, தூக்கம் தராத வகையைக் கேளுங்கள். மிகுந்த சோர்வு, தலைச்சுற்றல், முகம் உப்புவது போன்றவை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வீரியமான ஸ்டீராய்டை மாதக்கணக்கில் நிறையப் பூசியவர்களுக்கு உடம்பின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பு குறைந்திருக்க வாய்ப்புண்டு.

ஊசி வேண்டாம். படர்தாமரையைக் கொல்ல ஊசியே கிடையாது. "ஒரே ஊசி, எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் ஸ்டீராய்டு ஊசிதான். களிம்பு பத்து மாதத்தில் செய்ததை அது உடம்பு முழுக்கச் செய்யும்.

அரைஞாண் கயிறும் கம்பளியும்

நீங்கள் கேட்காத ஒன்று. இடுப்பைச் சுற்றி வளையமாகப் பரவியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கறுப்பு அரைஞாண் கயிறு கட்டியிருக்கிறீர்களா? நூல் கயிறு வியர்வையை உறிஞ்சிக்கொண்டு எப்போதும் ஈரமாகவே இருக்கும். குளித்துவிட்டு உடம்பைத் துடைப்போம், கயிற்றை யாரும் துடைப்பதில்லை. பூஞ்சை அதிலேயே தங்கி, மருந்து பட்டு ஆறின தோலை மறுபடி பிடிக்கும். சிகிச்சை முடியும்வரை அவிழ்த்து வையுங்கள். அம்மா வருத்தப்பட்டால், குணமான பிறகு புதுக் கயிறு கட்டிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் வெள்ளியில் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். மகள் இடுப்பிலும் கயிறு இருந்தால் அதற்கும் இதே பேச்சுதான்.

துணி விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். பூஞ்சையின் வித்துகள் துணியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், பச்சைத் தண்ணீரில் அலசினால் போகாது. உங்கள் இருவரின் உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பு ஆகியவற்றை மற்றத் துணிகளோடு ஒரே வாளியில் ஊறவைக்க வேண்டாம். 60 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில், அதாவது கை வைக்க முடியாத சூட்டில், உள்பக்கத்தை வெளியே திருப்பி ஊறவையுங்கள். குளிக்க வெந்நீர் போடும்போதே ஒரு குடம் கூடுதலாகக் காய்ச்சினால் ஆயிற்று. வெயில் இருக்கும் நாளில் வெயிலில் போடுங்கள். மூட்டம் கவிந்த வாரங்களில் அடுப்புக்கு மேல் கயிற்றில் உலர்த்தினாலும் பரவாயில்லை, ஆனால் போடுவதற்கு முன் இஸ்திரி போட்டாக வேண்டும். தையல் மடிப்பிலும் இடுப்பு எலாஸ்டிக்கிலும் இஸ்திரிப் பெட்டியை அழுத்திப் பிடியுங்கள். துணி தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், எலாஸ்டிக்கிலிருந்து மட்டும் ஆவி வரும். அது நிற்கும்வரை தேய்க்க வேண்டும்.

கம்பளியையும் ரஜாயையும் நம் ஊரில் வருடத்துக்கு ஒரு தடவை துவைத்தாலே அதிகம். தினம் துவைக்கச் சொல்லவில்லை. உடம்புக்கும் கம்பளிக்கும் நடுவில் ஒரு பருத்திப் போர்வை வைத்துக்கொண்டு அதை மட்டும் வாரம் இரண்டு முறை வெந்நீரில் துவையுங்கள். ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு போர்வை. சோப்பும் தனி.

குளிக்கும்போது மிதமான சூடு போதும். டெட்டால் ஊற்றிக் குளிப்பதையும் நார் போட்டுத் தேய்ப்பதையும் நிறுத்துங்கள், மெலிந்த தோல் புண்ணாகிவிடும். துடைத்து, ஈரம் உலர இரண்டு நிமிடம் விட்டு, பிறகு மருந்து பூசுங்கள். வண்டுகொல்லி இலையை அரைத்துப் பூசலாமா என்று அம்மா கேட்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சீமை அகத்தி என்றும் சொல்லும் அந்த இலையை நம் பாட்டிமார் படர்தாமரைக்குப் பயன்படுத்தியது காரணமில்லாமல் இல்லை, அதன் சாறு பூஞ்சையைத் தடுப்பதை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் தோல் இப்போது அதைத் தாங்காது, இவ்வளவு பரவியதற்கு அது போதவும் போதாது. எலுமிச்சையும் பூண்டும் கட்டாயம் வேண்டாம். பச்சைப் பூண்டை அரைத்துப் பூசினால் தீக்காயம் போலவே கொப்புளம் வரும்.

மகளைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். அவளை உங்கள் இருவரோடு அதே நாளில் கூட்டிப் போங்கள். கன்னத்தில் மட்டும் என்றால் மேல்பூச்சிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். போவதற்கு முன் அவள் தலையை வகிடு வகிடாகப் பிரித்துப் பாருங்கள். எங்காவது முடி உடைந்து, செதிலோடு சொட்டையாக இருந்தால் மருத்துவரிடம் காட்டத் தவறாதீர்கள், தலையில் வந்த பூஞ்சை களிம்புக்குப் போகாது, குழந்தைக்கும் மாத்திரையோ சிரப்போ வேண்டும். இடையில் உங்கள் மூவரில் யாருக்காவது காய்ச்சல், சீழ், தொடையில் பரவும் வலியோடு வீக்கம், அல்லது மாத்திரை தொடங்கிய பிறகு கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, மூச்சு வாங்குவது என்று ஏதாவது தெரிந்தால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள்.